கல்யாண மண்டபத்தில் கோளாறா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

முகூர்த்தத்துக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கும். மேடையில் ஓமப்புகை. ஆக்குப்புரையில் "சாம்பார் வாளி எங்கடே?" என்று சத்தம். மைக்கில் ஒருவர் வண்டி நம்பரைச் சொல்லி, வாசலை மறித்து நிற்கும் காரை எடுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்து யாராவது உங்கள் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தி, "தாலித் தட்டு யார்ட்ட இருக்கு?" என்று கேட்பார்கள்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் எங்கள் சொந்தத்துக் கல்யாணங்களில் நான் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தது குறைவு. மேடைக்குப் பின்னாலும் பந்திக் கூடத்திலும் நின்று பழகியவன். அங்கே திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளையும், கைகண்ட பரிகாரங்களையும் எழுதுகிறேன். எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஆனால் முதலில் இந்த ஒரு சோதனையை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

மண்டபத்துக் கோளாறில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பொருளோ ஆளோ நேரமோ குறைவது. இன்னொன்று, யாரோ ஒருவருடைய மனசு வாடியிருப்பது. இரண்டாவது ஒருநாளும் தன் பெயரோடு வராது. "சாம்பார்ல உப்பில்ல", "ஃபேன் ஓடல", "மைக் சத்தம் தாங்கல" என்று முதல் வகையின் வேஷத்தில்தான் வரும். எது எது என்று பிரிக்க ஒரே வழி: குறை சொன்னவரிடமே, "சித்தப்பா, நீங்க ஒரு எட்டு வந்து தவசுப்பிள்ளைகிட்ட சொல்லிக் கொடுங்களேன்" என்று கூப்பிடுங்கள் (தவசுப்பிள்ளை என்றால் எங்கள் பக்கம் சமையல்காரர்). அவர் எழுந்து வந்து, சொல்லிவிட்டு, முகம் தெளிந்து திரும்பினால் உப்பு சரியாகத்தான் இருந்திருக்கிறது. அவரை யாரும் எதற்கும் கூப்பிடாததுதான் குறை.

தாலித் தட்டு சபையைச் சுற்றிவிட்டு மேடைக்குத் திரும்பவில்லை

பெரியவர்கள் தொட்டு வாழ்த்துவதற்காகத் தேங்காய்மேல் தாலி வைத்த தட்டைச் சுற்றிக் கொண்டுபோவது வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 பேர் இருக்கும் கூடத்தில் ஆளுக்கு 3 விநாடி என்றாலே 25 நிமிஷம். நடுவில் ஒரு ஆச்சி தட்டைப் பிடித்துக்கொண்டு, கொண்டுவந்த பெண்ணை "நீ யார் மகட்டீ?" என்று விசாரிக்க ஆரம்பித்தால் இன்னும் கூடும்.

தட்டு காணவில்லை என்று தோன்றியதும் மைக் பக்கம் போகாதீர்கள். "தாலியைக் காணோம்" என்ற சொல் அந்தக் கூடத்தில் ஒலிக்கவே கூடாது. பெண்ணைப் பெற்றவளின் நெஞ்சு தாங்காது. "அட்சதைத் தட்டு வைத்திருப்பவர்கள் மேடைக்கு வரவும்" என்று சொன்னால் போதும், தாலித் தட்டும் கூடவே வந்துவிடும். வராவிட்டால் பந்திக் கூடத்துக்குப் போகும் நடையில் தேடுங்கள். தட்டோடு வந்த பிள்ளையை யாரோ வேறு வேலைக்குக் கூப்பிட்டிருப்பார்கள். தட்டு ஒரு வயதான மாமாவின் மடியில் பத்திரமாக இருக்கும். அவரும் யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

மறுபடி நடக்காமல் இருக்க, தாலித் தட்டை முன் நான்கு வரிசைப் பெரியவர்களிடம் மட்டும் காட்டிவிட்டு, மற்றவர்களுக்கு அட்சதையை மட்டும் தனித் தட்டுகளில் அனுப்புங்கள். தாலித் தட்டோடு இரண்டு பேர் போகட்டும். ஒருவர் தட்டைப் பிடிக்க, இன்னொருவர் வழி விலக்க. தட்டு பிடித்தவரை அது முடியும்வரை வேறு எதற்கும் கூப்பிடக் கூடாது என்று முதல்நாள் ராத்திரியே எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும்.

கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 9 முதல் 10.30 வரை முகூர்த்தம் என்று பத்திரிகையில் போட்டிருந்தால், திங்கட்கிழமை அது இரண்டு பக்கமும் அடைபட்ட நேரம்: 9 மணி வரை ராகு காலம், 10.30க்கு எமகண்டம். வெள்ளிக்கிழமை என்றால் 10.30க்கு ராகு காலம் பிறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் 12 மணிக்குத்தான், ராகு காலம் மாலை 4.30க்கு. ஆகவே ஞாயிறு கல்யாணத்தில் லக்னம் முடிவதை மட்டும் பார்த்தால் போதும். திங்கள் கல்யாணத்தில் தட்டு 9.05க்கே கூடத்துக்குள் இறங்கியாக வேண்டும்.

கெட்டிமேளம் முந்திக்கொண்டது

ஓதுவாரோ ஐயரோ தாலியைக் கையில் எடுக்கவே இல்லை. மேடைக்குக் கீழே ஒரு மாமா, ஓடிப்போகிற பேரனை "வாடே இங்க" என்று கையை உயர்த்திக் கூப்பிட்டிருப்பார். தவில்காரர் கண்ணுக்கு அது சைகை. கெட்டிமேளம் முழங்கிவிடும், பின்வரிசையிலிருந்து அட்சதை பறந்துவிடும், மாப்பிள்ளை திகைத்துப்போய் ஐயர் முகத்தைப் பார்ப்பார்.

இதில் யார்மேலும் தப்பில்லை. கெட்டிமேளம் தாமதமாகிவிடக் கூடாது, அந்த நேரத்தில் தும்மல் சத்தமோ அபசகுனச் சொல்லோ காதில் விழுந்துவிடக் கூடாது என்ற கவலையில் தவில்காரர் எந்தக் கை உயரும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். சைகை காட்டுபவர் ஒரே ஒருவர், அவர் இன்னார் என்று காலையிலேயே மேளக்காரர்களுக்கு நேரில் காட்டிக் கொடுங்கள். அவர் மேடையில் தவிலுக்கு நேர் எதிரே நிற்கட்டும். முந்திப் போய்விட்டால் கவலை வேண்டாம். மேளத்தை நிறுத்தி, அட்சதைத் தட்டுகளை இன்னொரு முறை கூடத்துக்குள் அனுப்பிவிட்டு, நிதானமாகத் தாலியை எடுக்கச் சொல்லுங்கள். கையில் அட்சதை இல்லாமல் நிற்பவர்கள்தான் அந்த நேரத்தில் ரொம்பத் தவித்துப் போவார்கள். அதனால் எப்போதும் ஒரு படி அரிசியை மஞ்சள் கலந்து மேடைக்குப் பின்னால் கூடுதலாக வைத்திருக்கிறேன்.

பெரியப்பா தூண் ஓரமாகத் தனியே உட்கார்ந்திருக்கிறார்

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாக் கோளாறும் அன்றைக்குச் சாயங்காலம் மறந்துபோகும். இது இருபது வருஷம் நிற்கும்.

அறிகுறிகள்: வந்து ஒரு மணி நேரமாகியும் காபி குடிக்கவில்லை. துண்டை மடியில் மடித்து மடித்து வைக்கிறார். பெரியம்மா மட்டும் உள்ளே வந்து பெண்ணைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிப்போனாள். கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்ற பதில்.

காரணம் பெரும்பாலும் அன்றைக்கு மண்டபத்தில் நடந்ததாக இருக்காது. மூன்று வாரம் பின்னால் போய்ப் பாருங்கள். பத்திரிகை கொடுக்க யார் போனார்கள்? பெண்ணின் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போனார்களா, அப்பா மட்டும் ஆபீஸ் போகிற வழியில் வாசலோடு கொடுத்துவிட்டு வந்தாரா? வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தார்களா? முதலில் வாட்ஸப்பில் படம் போய், அதற்குப் பிறகு பத்திரிகை போனதா? பத்திரிகையில் "தங்கள் நல்வரவை விரும்பும்" என்பதற்குக் கீழே அவர் பெயர் இருக்கிறதா, இருந்தாலும் தம்பி பெயருக்குக் கீழே இறங்கிவிட்டதா? இதெல்லாம் சரியாக இருந்தால் அன்றைய காலைக்கு வாருங்கள்: வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற சின்னப் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாமல் போயிருக்கும், "வாங்க" என்று சொல்ல வீட்டுப் பெரியவர் ஒருவரும் அங்கே இருந்திருக்க மாட்டார்.

எது காரணமாக இருந்தாலும் பரிகாரம் ஒன்றுதான், அதை முகூர்த்தத்துக்கு முன்னால் செய்தாக வேண்டும். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் இரண்டு பேருமாக அவரிடம் போகட்டும். தூது அனுப்பாதீர்கள், பிள்ளைகளை அனுப்பவே அனுப்பாதீர்கள். நின்றுகொண்டு பேசாமல் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். "வேலை நெருக்கடில விட்டுப்போச்சு" என்று காரணம் சொல்ல வேண்டாம். "எங்க தப்புதான் அண்ணாச்சி. நீங்க இல்லாம இந்த மேடை எங்களுக்கு நிறையாது" என்றால் போதும். அது பொய்யும் இல்லையே. சின்ன வயதில் அந்தப் பெண்ணைத் தோளில் வைத்துக் கொடைவிழாவுக்குக் கூட்டிப்போனவர் அவர்தான்.

அதோடு விட்டுவிடாமல் கையில் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். பேருக்குக் கொடுக்கிற வேலையை அவர் கண்டுபிடித்துவிடுவார். மேடையில் மாலை எடுத்துக் கொடுப்பது, சம்பந்தியை எதிர்கொண்டு அழைப்பது, முதல் பந்தி விசாரிப்பது போல, அவர் சொன்னால்தான் நடக்கும் என்கிற வேலையாக இருக்க வேண்டும். நான் பார்த்தவரை இதற்கு ஏழெட்டு நிமிஷம் போதும். பந்தி விசாரிக்கத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிய பெரியப்பா, "எலையில அவியல் இல்ல, என்னடே பாத்துட்டு நிக்கீங்க?" என்று அதட்டும் குரல் கேட்டால் எனக்குக் கண் நிறைந்துவிடும்.

பத்திரிகையிலேயே பெயர் விட்டுப்போயிருந்தால், கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துவிட்டால் நல்லது. மறு அச்சு போட நேரம் இருந்தால் போட்டுவிடுங்கள், செலவைப் பார்க்காதீர்கள். இல்லாவிட்டால் அவர் வீட்டுக்கு இரண்டாம் முறை தட்டோடு போவதைத் தவிர வேறு வழியில்லை.

தாய்மாமன் சீர் வாசலுக்கு வந்துவிட்டது, மேளக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்

அவசரம். தாய்மாமனை மேளமில்லாமல் ஒரு படிகூட ஏறவிடக் கூடாது. சீர்த்தட்டுகளோடு வந்தவர்களை வாசலிலேயே பானகமோ காபியோ கொடுத்து உபசரித்து, மாமாவுக்கு மாலை போட்டு, பேச்சுக் கொடுத்து நிறுத்துங்கள். ஆலாத்தித் தட்டை எடுத்துவரப் பெண்களை அனுப்பினால் ஐந்து நிமிஷம் கிடைக்கும். அதற்குள் நாதஸ்வரக்காரர் கை கழுவிவிட்டு வந்துவிடுவார். அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், அதிகாலை நாலரைக்கு எழுந்து வாசிக்கிறவர்கள் எட்டு மணிக்குப் பசிக்காமல் இருப்பார்களா? அவர்களுக்கு முதல் பந்திக்கும் முன்னால், ஏழு மணிக்கே இலை போட்டுவிடுவதுதான் முறை.

சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கிறார்கள்

தாலி கட்டிய மறுநிமிஷம் பாதிக் கூடம் எழுந்து பந்திக்குப் போகும். பஸ் பிடிக்க வேண்டியவர்கள், மாத்திரை போட வேண்டியவர்கள், குழந்தைக்காரர்கள் என்று எல்லாருக்கும் நியாயம் உண்டு. இடம்தான் இல்லை.

ஒரு பந்திக்கு, இலை போட்டு, சாப்பிட்டு, எடுத்து, துடைத்து, மறுபடி இலை போட 40 நிமிஷம் என்று வையுங்கள். 200 பேர் உட்காரும் கூடத்தில் 800 பேருக்கு நான்கு பந்தி, அதாவது 2 மணி 40 நிமிஷம். 11 மணிக்கு ஆரம்பித்தால் கடைசி இலை எடுக்க 1.40 ஆகும். மண்டபத்தை 3 மணிக்கு ஒப்படைக்க வேண்டுமென்றால் இதுவே நெருக்கடி. இந்தக் கணக்கை மண்டபம் பேசும்போதே போட வேண்டும். அன்றைக்குச் செய்யக்கூடியது இவ்வளவுதான்: பந்திக் கூடத்துக்கு இரண்டு கதவு இருந்தால் ஒன்றை உள்ளே வரவும் இன்னொன்றை வெளியே போகவும் ஒதுக்குங்கள். வருகிற கதவைப் பந்தி முடியும்வரை சாத்தி, வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்து மோர் கொடுங்கள். கதவருகே நிற்கும் ஆள் பல்லில் சிரிப்போடு நிற்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முன்வாசல் பக்கம் ஒரு வரிசையைப் பிடித்து வையுங்கள்.

இலை போடும் பையன்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுங்கள்: நுனி, உட்காருகிறவரின் இடது கைப் பக்கம். திருப்பிப் போட்டால் பெரியவர்கள் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள், பந்தி நிற்கும்.

பெண் வீட்டார் எப்போதும் கடைசிப் பந்தி. முதல் பந்திக்கு முன்னாலேயே நாற்பது இலைக்கு உரியதைத் தனியே எடுத்து மூடி வைக்கச் சொல்லுங்கள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடிய அத்தை, கடைசியில் ரசமும் அப்பளமும் மட்டும் சாப்பிடுவதைப் பார்த்தபிறகு இதை நான் மறந்ததே இல்லை.

மூன்றாம் பந்தியில் சாம்பார் நீர்த்துப்போகிறது

வெந்நீர் ஊற்றாதீர்கள். பருப்பு வேகவைக்கும்போதே ஒரு பங்கை அண்டாவில் தனியே எடுத்துவைக்கச் சொல்லியிருந்தால், புளிக்கரைசலும் பொடியும் சேர்த்து இருபது நிமிஷத்தில் இன்னொரு வாளி தயாராகும். அதுவரை மோர்க்குழம்பையும் ரசத்தையும் முந்தி விளம்பச் சொல்லுங்கள். சோறு குறைகிறதென்றால் ஆள்கணக்கு தவறியிருக்கிறது. எங்கள் பக்கத்துத் தவசுப்பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு கிலோ அரிசி என்றுதான் கை வைப்பார்கள். சேமியா பாயசம் கெட்டியானால் சூடான பால் விட்டு இளக்கலாம், பச்சைத் தண்ணீர் கூடாது.

அறைச் சாவி வைத்திருப்பவர் பூ வாங்கப் போய்விட்டார்

பெண்ணின் நகை உள்ளே இருக்கும், அலங்காரத்துக்கு வந்தவர் வெளியே நிற்பார். இதற்குச் சாவியை நம்புவதைவிட ஆளை நம்புவதுதான் பலன் தருகிறது. நடக்க முடியாத ஒரு ஆச்சியை அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். வருகிறவர் போகிறவர் அத்தனை பேரையும் மூன்று தலைமுறைக்கு அவருக்குத் தெரியும். தெரியாத ஆள் அவரைத் தாண்டி உள்ளே போய்விட முடியாது. அவருக்கும் அன்றைக்கு முழுக்கப் பேச்சுத்துணை.

மொய் நோட்டும் பணமும் ஒத்துப்போகவில்லை

நோட்டு எழுதுகிறவர் தனியாளாக இருந்திருப்பார். இரண்டு பேர் வேண்டும், ஒருவர் எண்ண, ஒருவர் எழுத. பெயரோடு ஊரும் தெருவும் கட்டாயம். ஒரே பெயரில் ஆறு பேர் இல்லாத சொந்தம் கிடையாது. உறையின்மேல் பெயர் இல்லாவிட்டால் உறைக்கும் நோட்டுக்கும் ஒரே வரிசை எண் போட்டு, உறையைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். கையெழுத்தை வைத்துப் பிறகு கண்டுபிடித்துவிடலாம். பக்கத்துக்குப் பக்கம் அடியில் கூட்டல் போட்டால், 501 ஐ 101 ஆக எழுதிய இடம் உடனே தெரியும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய்விருந்து என்றே தனியாக வைக்கிற ஊர்களில் கம்ப்யூட்டர் வைத்து ரசீது அச்சடித்துக் கொடுக்கிறார்கள்; கல்யாணத்துக்கும் அது நல்ல ஏற்பாடு.

கூட்டம் கலைவதற்குள் நோட்டின் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். பத்து வருஷம் கழித்து ஒருவர் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது, அவர் நமக்கு என்ன செய்தார் என்று பார்த்துவிட்டுப் போக அந்த நோட்டு வேண்டும். செய்தவரை மறக்காமல் இருப்பதற்கு நம்மிடம் எழுத்தில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

கல்யாணப் பதிவுக்குப் போக வேண்டும், வீட்டில் ஒரு பத்திரிகைகூட இல்லை

எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்திருப்பார்கள். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இன்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பத்திரிகை கேட்பார்கள். சொந்தக்காரர்களுக்குப் போன் போடுங்கள், எந்த வீட்டிலாவது சாமி படத்துக்குப் பின்னால் ஒன்று இருக்கும். அடுத்த கல்யாணத்தில் அச்சகத்திலிருந்து கட்டு வந்தவுடனே பத்தை எடுத்துப் பீரோவில் வைத்துவிடுங்கள்.

மறுவீட்டுச் சொதி திரிந்துபோயிற்று

மறுநாள் மாப்பிள்ளைக்குச் சொதிச் சோறு; சொதி என்றால் தேங்காய்ப்பாலில் காய் வேகவைக்கும் குழம்பு. முந்தின நாள் களைப்பில் அடுப்பருகே நிற்பவர் கண்ணயர்ந்துவிடுவார், தேங்காய்ப்பால் தளதளவென்று கொதித்துத் திரிந்து தனித்தனியாக நிற்கும். திரிந்த சொதியை மறுபடி ஒன்றாக்க முடியாது. காய்களை வடித்து எடுத்துவிட்டு, பாலை மட்டும் புதிதாகப் பிழியுங்கள். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும்தான் காய் வேக வேண்டும். வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, அடுப்பைத் தணித்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். எலுமிச்சை பிழிவது இறக்கி ஆறிய பிறகு. இஞ்சித் துவையல் அரைத்து, உருளைக்கிழங்குக் கறியும் வைத்துவிட்டு, மாப்பிள்ளையோடு பெரியப்பாவையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து இலை போடுங்கள்.